பட்டிப்பூ தந்த மருந்து



நெய்தல் நிலத்திற் பிறந்து வளர்ந்தோருக்கு மணலும் உப்புக்காற்றும் உறவினர் போன்றவை. இலங்கையின் கீழ்க்கரையிலே கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்களைக் கடந்து தெற்கே செல்வோமாயின் ஒலுவிலை அடைவோம். டென்மார்க் நாட்டின் கடனுதவியோடு கட்டப்பெற்று 2013ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட ஒலுவில் துறைமுகம் அங்கேதான் இருக்கின்றது. அத்துறைமுகத்தின் கல்லணைக்கு இப்பால், எவரும் நடாமலும் நீரூற்றாமலும், வேலியோரத்திலும் மையவாடியின் மணல்மேட்டிலும் ஒரு சிறு செடி ஆண்டு முழுவதும் பூத்துக்கொண்டிருப்பதை அவ்வழிச் செல்வோர் கண்டிருப்பர். ஐந்து இதழ், வெண்மை அல்லது இளஞ்சிவப்பு நிறம், மணம் இல்லை, ஆடும் மாடும் அதனைத் தீண்டுவதில்லை. நாம் அதனைப் பட்டிப்பூ என்போம். தமிழ்நாட்டார் நித்தியகல்யாணி என்பர். அவர்களுள்ளேயே சிலர் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்லுவர்.

என்றும் மங்கலமாயிருப்பவள் என்று ஒரு பெயரும் சுடுகாட்டுக்கு உரியவள் என்று மற்றொரு பெயரும் ஒரே செடிக்கு வாய்த்தமை வியப்புக்குரியது. ஆயினும், இச்செடியின் வரலாற்றை அறிந்தவருக்கு இரண்டு பெயரும் பொருத்தமாகவே தோன்றும். ஏனெனில் இதன் இலையிற் கொடிய நஞ்சு உண்டு. அந்த நஞ்சே, கற்றறிந்தவர் கையில் அளவோடு எடுக்கப்பட்டுக் குருதி நாளத்தினூடாக உடலிற் செலுத்தப்படும்போது, புற்றுநோயால் வாடும் சிறுவர் பல்லாயிரவரைச் சாவின் வாயிலிலிருந்து மீட்டிருக்கின்றது. வின்கிறிஸ்டீன் என்பது அம்மருந்தின் பெயர். அதன் கதையே இன்றைய பேச்சின் பொருள்.

மருந்தின் கதையைச் சொல்லுமுன் நோயின் பெயரைப்பற்றி ஒரு சொல். பண்டைக் கிரேக்க மருத்துவர், கட்டியிலிருந்து நாற்புறமும் கால்பரப்பும் நாளங்களைக் கண்டு, இந்நோய்க்கு நண்டின் பெயரை வைத்தனர். அறபு மொழியிலும் இதன் பெயர் சரத்தான். அதுவும் நண்டையே குறிப்பது. தமிழரோ மண்ணுக்குள்ளிருந்து ஓசையின்றி வளர்ந்து எழும் கறையான் புற்றினை நினைத்துப் புற்று என்றனர். மூன்று மக்களும் கண்ட உண்மை ஒன்றுதான்: இது உள்ளே பரவுவது, வெட்டினாலும் மீள்வது. 1037ஆம் ஆண்டில் மறைந்த பேரறிஞர் இப்னு சீனா, இந்நோயைத் தொடக்கத்திலேயே சுற்றுப்புறத்துத் தசையோடு வெட்டி அகற்றவேண்டும் என்று தம் மருத்துவப் பெருநூலில் வற்புறுத்தினார். 1895இல் எக்ஸ் கதிரும் 1898இல் றேடியமும் கண்டறியப்பட்டபின், கத்தியோடு கதிரும் துணைசேர்ந்தது. ஆயினும் கத்தியும் கதிரும் நோய் நிற்கும் இடத்துக்கே செல்ல வல்லன. குருதியிற் கலந்து உடலெங்கும் திரியும் புற்றுநோயை, குருதிப் புற்றுநோயை, எந்த இடத்தில் வெட்டுவது? எந்த இடத்திற் சுடுவது? குருதி செல்லும் இடமெல்லாம் தானும் செல்லக்கூடிய மருந்து ஒன்று வேண்டியிருந்தது.

அத்தகைய முதல் மருந்து போர்க்களத்து நஞ்சிலிருந்து வந்தது. இத்தாலி நாட்டின் பாரி என்னும் துறைமுகத்தில் 1943ஆம் ஆண்டு திசம்பர் 2ஆந் திகதி இரவு செருமானிய வானூர்திகள் குண்டு பொழிந்தன. அங்கே நின்ற கப்பல்களுள் ஜோன் ஹார்வி என்ற அமெரிக்கக் கப்பலில் கடுகுவாயுக் குண்டுகள் மறைவாக ஏற்றப்பட்டிருந்தன. கப்பல் வெடித்தது, நஞ்சு கடல்நீரிலும் காற்றிலும் கலந்தது. அறுநூறுக்கு மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தனர். அவர்களுள் எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆராய வந்த இராணுவ வைத்தியர் ஸ்டூவர்ட் அலெக்சாண்டர், பாதிக்கப்பட்டோரின் குருதியில் வெண்குழியங்கள் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டார்.

புற்றுநோய் மருந்துகளின் பிறப்பிடம் பாரித் துறைமுகமே என்று பலர் எழுதுவதுண்டு. காலவரிசையை நோக்கினால் அது பொருந்தாது. பாரியிற் குண்டு விழுவதற்கு ஓராண்டுக்கு முன்னரே, 1942இல், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லூயி குட்மன், அல்பிரட் கில்மன் ஆகிய இருவரும் அவர்தம் குழுவினரும், கடுகுவாயுவோடு தொடர்புடைய நைதரசன் மஸ்டட் என்ற பொருளை நிணநீர்ப் புற்றுநோயாளர் ஒருவரின் நாளத்தில் ஏற்றிப் பார்த்திருந்தனர். கட்டிகள் கரைந்தன, பின்னர் மீண்டும் வளர்ந்தன, நோயாளர் இறந்தார். போர்க்கால இரகசியமாதலால் 1946 வரை இச்செய்தி வெளிவரவில்லை. பாரியின் துயரம் அறிஞர் சிலரின் எண்ணத்துக்கு வலிமை தந்தது என்பதே சரியான கூற்றாகும்.

அடுத்த படியில் நம் அயலவர் ஒருவரைச் சந்திக்கின்றோம். 1895இல் பீமவரத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, பின்னர் அமெரிக்கா சென்றவர் எல்லாப்பிரகட சுப்பராவ். லெடர்லே ஆய்வுகூடத்தில் அவரது தலைமையில் உருவாகிய அமினொப்ரெறின் என்ற பொருளை, பொஸ்ரன் நகர வைத்தியர் சிட்னி பாபர் 1947இல் குருதிப் புற்றுநோயுற்ற சிறுவர்க்குக் கொடுத்தார். 1948இல் வெளியிட்ட அறிக்கையில், 16 சிறுவருள் 10 பேருக்கு நோய் தணிந்தது என்று அவர் கூறினார். அதுவரை சில வாரங்களிலோ மாதங்களிலோ மடிந்துகொண்டிருந்த பிள்ளைகள் எழுந்து விளையாடினர். ஆனால் அத்தணிவு நிலைக்கவில்லை, நோய் திரும்பியது. சுப்பராவும் அதே 1948இல், தம் 53ஆவது வயதிற் காலமானார்.

இந்நிலையிலேதான் நமது பட்டிப்பூ மேடையேறுகின்றது.

இச்செடி நம் நாட்டுக்கு உரியதன்று. இதன் தாயகம் மடகஸ்கார்த் தீவு. பதினெட்டாம் நூற்றாண்டில் அதன் விதை பாரிஸ் நகரத்து அரச தோட்டத்துக்கும், அங்கிருந்து இலண்டன் செல்சித் தோட்டத்துக்கும் சென்றது. 1759இல் லின்னேயஸ் அதற்கு விங்கா ரோசியா என்று பெயரிட்டார். பிற்காலத்தில் அது கதறாந்தஸ் ரோசியஸ் என்று வழங்கலாயிற்று. அழகுக்காகத் தோட்டங்களில் வைக்கப்பட்ட செடி வேலி தாண்டி, வெப்பநாடுகளின் கடற்கரையெங்கும் பரந்தது. சென்ற இடங்கள் பலவற்றில் மக்கள் அதனை நீரிழிவுக்கு மருந்தாக அவித்துக் குடித்தனர்.

ஜமெய்க்காவிலும் அவ்வழக்கம் இருந்தது. 1952இல் அங்கிருந்த வைத்தியர் ஒருவர், பட்டிப்பூவின் இலைகள் இருபத்தைந்தை ஓர் உறையிலிட்டுக் கனடாவிலிருந்த கிளார்க் நோபிள் என்பாருக்கு அனுப்பினார். கிளார்க் நோபிள் இன்சுலின் வரலாற்றோடு தொடர்புடையவர். 1921இல் பான்ரிங் என்னும் அறிஞருக்கு முதலில் உதவியாளராக எவர் செல்வது என்று, சாள்ஸ் பெஸ்ற் என்ற மாணவரும் இவரும் நாணயம் சுண்டிப் பார்த்தனர் என்றும், பெஸ்ற் வென்றார் என்றும் கூறுவர். ஓய்வுபெற்றிருந்த கிளார்க், அவ்விலைகளைத் தம் தம்பியாகிய றொபேட் நோபிளிடம் ஒப்படைத்தார். றொபேட், ஒன்ராறியோ மாகாணத்தின் மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளராக இருந்தார்.

நேயர்களே, இனி நிகழ்ந்ததைச் சற்றுக் கூர்ந்து கேளுங்கள். இப்பேச்சின் உயிர்நிலை இவ்விடத்திலேயே இருக்கின்றது. றொபேட் நோபிள், இலைச்சாற்றை முதலில் எலிகளுக்கு வாய்வழியாகப் புகட்டினார். ஒன்றும் நிகழவில்லை, குருதியிற் சர்க்கரையின் அளவு குறையவில்லை. பின்னர் அதே சாற்றை நாளத்தில் ஏற்றினார். சர்க்கரை அப்போதும் குறையவில்லை. ஆனால் எலிகள் ஒரு வாரத்துக்குள் இறந்தன. இறந்த எலிகளின் உறுப்புகளிற் சீழ்க்கட்டிகள் காணப்பட்டன. கிருமியை எதிர்க்கும் வெண்குழியங்கள் குருதியில் அருகிவிட்டன. அவற்றை உற்பத்திசெய்யும் என்பு மச்சையும் சிதைந்திருந்தது.

நீரிழிவு மருந்தைத் தேடியவருக்கு இது தோல்வி. வேறொருவராயின் இலையைக் குப்பையில் எறிந்துவிட்டு வேறு வேலை பார்த்திருப்பார். நோபிள் அவ்வாறு செய்யவில்லை. வெண்குழியங்களை அழிக்கும் பொருள், வெண்குழியங்கள் கட்டுக்கடங்காது பெருகும் நோயையும் அடக்கலாமன்றோ என்று எண்ணினார். 1954இல் இங்கிலாந்திலிருந்து வந்துசேர்ந்த இரசாயன அறிஞர் சாள்ஸ் பியர், இலையிற் பொதிந்திருந்த பல்வேறு பொருள்களிலிருந்து அந்த ஒன்றைப் பிரித்தெடுக்க முயன்றார். 1958இல் அவர்கள் தாம் பிரித்தெடுத்த வின்பிளாஸ்ரீனை நியூயோர்க் அறிஞர் அவை ஒன்றில் அறிவித்தனர். அதே வேளையில், அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தைச் சேர்ந்த கோர்டன் ஸ்வபோடாவும், நாட்டு வைத்தியச் செய்திகளைப் பின்பற்றி இதே செடியை ஆராய்ந்து, அதன் சாறு குருதிப் புற்றுநோயுற்ற சுண்டெலிகளின் ஆயுளை நீட்டியதைக் கண்டிருந்தார். இரு குழுவினரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே செடியின் அடியில் வந்து நின்றனர். 1961இல் ஸ்வபோடா அச்செடியிலிருந்தே வின்கிறிஸ்டீனைப் பிரித்தார். 1963இல் அமெரிக்க அரசு அதனை மருந்தாகப் பயன்படுத்த ஒப்புதல் அளித்தது.

இம்மருந்து என்ன செய்கின்றது? நம் உடல் எண்ணற்ற கலங்களால் ஆனது. ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது, அதனுள் இருக்கும் நிறமூர்த்தங்களும் இரு பங்காகப் பிரிந்து இரு முனைகளுக்கும் செல்லவேண்டும். அவற்றை இழுத்துச் செல்வதற்கு, கலத்தினுள்ளே நுண்குழாய்கள் எனப்படும் மெல்லிய கயிறுகள் தோன்றுகின்றன. நமது கரையோரத்தில் தென்னந்தும்பைத் திரித்துக் கயிறாக்குவதைப் பார்த்திருக்கின்றீர்கள். தும்பு ஒன்றோடொன்று முறுகிச் சேர்ந்தாற்றான் கயிறு உண்டு. கயிறு இருந்தாற்றான் கரைவலையை இழுக்கலாம். வின்கிறிஸ்டீன், கலத்தினுள் இருக்கும் தும்பு போன்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு, அதனைத் திரியவிடாமற் செய்கின்றது. கயிறு இல்லை, இழுப்பு இல்லை, பிரிதல் நடுவழியில் நின்றுவிடுகின்றது, அக்கலம் மடிகின்றது. புற்றுநோய்க் கலங்கள் ஓயாது பிரிந்துகொண்டிருப்பவை. ஆதலால் அடி அவற்றின்மேலேயே பெரிதும் விழுகின்றது.

மயிர்க்காலின் கலங்களும் விரைந்து பிரிபவை. தலைமயிர் உதிர்வது அதனாலேயே. நரம்புக்குள்ளும் இத்தகைய நுண்குழாய்கள் உண்டு. நரம்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பொருள்களைக் கொண்டுசெல்லும் பாதைகள் அவை. இதனாலேயே இம்மருந்து பெறுவோருக்கு விரல் நுனி மரத்தல், தாடை நோதல், மலச்சிக்கல், காலைத் தூக்கி வைப்பதிற் சோர்வு முதலியன தோன்றுவதுண்டு. மருந்தை நிறுத்தியபின் இவை பெரும்பாலும் சிறிது சிறிதாகக் குறையும். உதிர்ந்த மயிரும் முளைக்கும். பிள்ளையின் தலையில் மயிர் உதிர்வதைக் கண்டு நோய் முற்றிவிட்டது என்று அஞ்சும் பெற்றோர் இதனை மனத்திற் பதித்தல் வேண்டும்.

இம்மருந்தை ஏன் ஊசியினாலேயே ஏற்றவேண்டும், குளிகையாக விழுங்கலாகாதா என்று கேட்பவர் உளர். நோபிளின் எலிகளே அதற்கு விடை தந்துவிட்டன. வாய்வழியே சென்றால் இது குடலிலிருந்து குருதிக்கு ஒழுங்காகச் சென்று சேர்வதில்லை. நாளத்தினூடாகச் சென்றால் சில கணங்களில் உடலெங்கும் பரவும். ஆனால் நாளத்துக்கு வெளியே கசியுமானால் அவ்விடத்துத் தசையைப் புண்ணாக்கிவிடும். ஆதலால் ஊசி ஏற்றும்போது எரிவு தோன்றினால் உடனே தாதியரிடம் சொல்லவேண்டும். முதுகெலும்பினூடே முண்ணாணைச் சூழ்ந்த நீரில் இது தவறுதலாக ஏற்றப்படுமாயின், உயிருக்கு முடிவு என்றே கருதவேண்டும். அத்தகைய விபத்துகள் உலகின் பல நாடுகளிலும் நேர்ந்தமையால், 2007இல் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்து, இம்மருந்தைச் சிறிய ஊசிக்குழலில் வைத்திராது, கரைசற் பையிற் கலந்து துளித்துளியாக ஏற்றும்படி அறிவுறுத்தியது. வளர்ந்த ஒருவருக்குக்கூட ஒரு தடவையில் 2 மில்லிகிராமுக்கு மேற் கொடுப்பது வழக்கமில்லை. 2 மில்லிகிராம் என்பது அரிசிமணி ஒன்றின் எடையினும் மிகக் குறைந்தது. அவ்வளவு நுண்ணிய அளவில் உயிரைக் காப்பதும் போக்குவதும் அடங்கியிருக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் எமது பாடசாலையில் ஐந்தாந்தரத்திற் பயின்ற சிறுவன் ஒருவனுக்குக் குருதிப் புற்றுநோய் கண்டது. சில வாரச் சிகிச்சையின் பின் காய்ச்சல் தணிந்தது, முகத்திற் குருதி ஏறியது, பசியும் திரும்பியது. வீட்டாருக்கு நோய் போய்விட்டதாகவே தோன்றியது. குறித்த திகதியில் அவனை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவில்லை. விசாரிக்கச் சென்ற என்னிடம் அவனுடைய உம்மம்மா கேட்டார்: "புள்ளைக்குச் சுகமாப் போச்சு, அதிபர் தம்பி. இன்னும் ஏன் அந்த ஊசி? அந்த மருந்தை இந்தப் பட்டிப்பூவில இருந்துதானாமே எடுக்கிறாங்க. வேலியில கிடக்கிறதை நாமளே அவிச்சுக் குடுத்தா என்ன?"

அந்த மூதாட்டியின் கேள்வி அறிவற்ற கேள்வி அன்று. அவரது கேள்வியில் இரண்டு நியாயங்கள் இருந்தன. இரண்டுக்கும் விடை சொல்லக் கற்றவர் கடமைப்பட்டிருக்கின்றனர்.

முதலாவது, இலையை அவித்துக் குடித்தல். ஒரு கிராம் மருந்து பெறுவதற்குக் காய்ந்த இலை நூற்றுக்கணக்கான கிலோகிராம் வேண்டும். இலையில் எழுபதுக்கு மேற்பட்ட நச்சுக் காரப்பொருள்கள் உண்டு. அவற்றுள் வேண்டிய ஒன்று குடிநீரில் எவ்வளவு இறங்கியது, வேண்டாத பிற எவ்வளவு இறங்கின என்று எவராலும் கூறமுடியாது. வாய்வழி கொடுத்தபோது நோபிளின் எலிகளுக்கே பயன் கிட்டவில்லை. ஆகவே, இலையை அவித்துக் குடிப்பவர் மருந்தைக் குடிக்கவில்லை. அளவறியாத நஞ்சைக் குடிக்கின்றார்.

இரண்டாவது, சுகமான பின்னும் ஊசி. இதற்கு ஒலுவில் துறைமுகமே நல்ல பாடம். துறைமுக வாயிலை மணல் வந்து அடைப்பதும், இயந்திரம் கொண்டு அதனைத் தோண்டுவதும், தோண்டியபின் வாளாவிருந்தால் மணல் மீண்டும் வந்து மூடுவதும், தோணி வெளியே செல்ல வழியின்றி மீனவர் தவிப்பதும் அப்பகுதி மக்கள் கண்ணாற் கண்டவை. குருதிப் புற்றுநோயும் அத்தன்மையது. வின்கிறிஸ்டீனும் பிறெட்னிசலோனும் சேர்ந்தால், பத்துச் சிறுவரில் எட்டுப்பேருக்கு மேல் சில வாரங்களிலேயே நோய் தணிந்துவிடும். அவ்வேளையில் நுண்ணோக்கியிற்கூட நோய்க்கலம் தென்படாது. ஆயினும் கோடிக்கணக்கான கலங்கள் உடலில் ஒளிந்திருக்கும். அவற்றை அடியோடு அகற்ற இரண்டு, மூன்று ஆண்டுகள் மருந்து தொடரவேண்டும். நிறுத்தினால் மணல் மூடிவிடும்.

அச்சிறுவனின் தந்தை மறுநாளே அவனை அழைத்துச் சென்றார். முழுச் சிகிச்சையும் முடிந்தது. அவன் இன்று உயர்தர வகுப்பிற் கற்கின்றான். எல்லா வீடுகளிலும் முடிவு இவ்வாறு அமைவதில்லை. கல்முனைக் கரையிலிருந்து மகரகமைக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழி. மருந்து இலவசமாயினும் பேருந்துக் கட்டணமும், தங்கும் செலவும், இழந்த நாட்கூலியும் இலவசம் அல்ல. மட்டக்களப்பிலும் தெல்லிப்பழையிலும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வழி ஏற்பட்டுள்ளமை பெரும் ஆறுதல். ஆயினும் கடைசி ஊசிவரை ஒரு குடும்பத்தைத் தாங்கி நிற்பது ஊரின் பொறுப்பு என்பதே என் கருத்து. வாகனம் உள்ளவர் ஒரு நாளும், பணம் உள்ளவர் ஒரு கட்டணமும், ஆசிரியர் தவறவிட்ட பாடங்களும் கொடுத்தால், பாதிவழியில் நிற்கும் சிகிச்சைகள் பல முழுமையடையும்.

ஒரு மருந்தால் மட்டும் நோய் தீராது என்பதையும் வரலாறு காட்டியது. 1962இல் அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிலையத்தில், வின்கிறிஸ்டீனோடு வேறு மூன்று மருந்துகளையும் ஒருங்கே கொடுக்கும் முறையைத் தொடங்கினர். ஒன்றுக்குத் தப்பிய கலம் மற்றொன்றில் அகப்படும் என்பதே அதன் தத்துவம். அத்தகைய கூட்டு மருத்துவம் வளர்ந்து, செல்வ நாடுகளில் இந்நோயுற்ற சிறுவர் பத்துப்பேரில் ஏறக்குறைய ஒன்பதுபேர் இன்று பிழைக்கின்றனர். இப்பயனைத் தமிழ்நாட்டுச் சிறுவரும் பெறவேண்டும் என்று உழைத்தது சென்னை அடையாற்றுப் புற்றுநோய் நிலையம். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1954இல் 12 படுக்கைகளோடு அதனைத் தொடங்கினார். 1955இல் அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா அம்மையார் தம் வாழ்நாள் முழுவதையும் அதற்கே ஈந்தார். 1984இல் அந்நிலையம் அமெரிக்க அறிஞருடன் இணைந்து, இந்தியச் சூழலுக்கு ஏற்ற மருந்து முறையொன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வின்கிறிஸ்டீன் அதிலும் முதன்மையான இடம்பெற்றது. அதற்கு முன் ஐந்து சிறுவரில் ஒருவரும் பிழைப்பது அரிதாயிருந்த நிலை மாறி, ஏறத்தாழப் பாதிப்பேர் பிழைக்கலாயினர்.

இனி, நீதி பற்றிய கேள்வி ஒன்று உண்டு. செடி மடகஸ்காருடையது, அதனை மருந்தாகக் கண்ட அறிவு ஜமெய்க்கா முதலிய நாடுகளின் எளிய மக்களுடையது, விற்பனையின் இலாபமோ வேறோரிடத்துக்குச் சென்றது. இக்குறையை எண்ணியே, 1992இல் செய்யப்பட்ட உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கை, ஒரு நாட்டின் செடிகொடிகளால் விளையும் நன்மையில் அந்நாட்டுக்கும் பங்கு உண்டு என்று விதித்தது. நம் நாட்டிலும் நினைவுகூரத்தக்க ஒருவர் உளர். பேராசிரியர் சேனக பிபிலே, மருந்தைப் பகட்டான வணிகப் பெயரால் வாங்காமல் அதன் பொதுப் பெயரால் வாங்கவேண்டும் என்று வாதாடினார். அவர் வகுத்த கொள்கையின் வழியே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. எளியவனுக்கும் இன்றியமையாத மருந்து கிடைக்கவேண்டும் என்ற எண்ணத்தின் வடிவம் அது.

ஆயினும் மருந்து என்றும் கிடைக்கும் என்று எவரும் இறுமாந்திருத்தல் ஆகாது. 2019இல் ஐக்கிய அமெரிக்காவிலேயே வின்கிறிஸ்டீனுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. செய்வதற்கு அங்கே ஒரே ஒரு நிறுவனம் எஞ்சியிருந்ததே காரணம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் நம் வைத்தியசாலைகளிலும் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டதை மறந்திருக்க மாட்டோம். இம்மருந்துக்கு இன்றும் மூலப்பொருள் இலையே. தமிழ்நாட்டின் திருநெல்வேலி, இராமநாதபுரம் முதலிய வறண்ட நிலங்களில் உழவர் இச்செடியைப் பயிராகவே வளர்த்திருக்கின்றனர். 2022இல் டென்மார்க் நாட்டு அறிஞர், இம்மருந்தின் உறுப்பாகிய இரு பொருள்களை மதுவக் கலத்தினுள்ளே உற்பத்திசெய்து, அவற்றை இணைத்து வின்பிளாஸ்ரீன் ஆக்கிக் காட்டினர். அம்முறை தொழிலாக வளர்ந்தால், மழையையும் நிலத்தையும் நம்பியிராமல் மருந்து செய்யலாம். ஒலுவிலின் கல்லணைக்குக் கடன் தந்த நாட்டிலேயே, ஒலுவில் மணலிற் பூக்கும் பூவின் மருந்துக்குப் புதுவழி பிறந்திருப்பது ஓர் இனிய பொருத்தம்.

நேயர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் எடுத்துச் செல்லத்தக்கவை இரண்டு. எதிர்பாராத விடை கிடைத்தபோது அதனைத் தூக்கியெறியாமல் ஏன் என்று கேட்ட ஒருவரால் இம்மருந்து பிறந்தது. நம் மாணாக்கர்க்கு அக்குணத்தைக் கற்பித்தல் வேண்டும். மருந்தின் வல்லமை அது பிறந்த செடியில் இருப்பது பாதி. அளவிலும், வழியிலும், காலத்திலும் தவறாமையில் இருப்பது மறுபாதி. சிகிச்சை பெறும் பிள்ளை ஒன்று உங்கள் தெருவில் இருக்குமாயின், அடுத்த ஊசி எந்தத் திகதி என்று அதன் வீட்டாரிடம் கேளுங்கள். அத்திகதியில் அவர்கள் புறப்பட்டுச் செல்ல உங்களால் ஆன உதவியைச் செய்யுங்கள்.